இரண்டு நாற்காலிகள் காலியான சனிக்கிழமை

விவாத நிகழ்ச்சி நடத்த வந்திருக்கும் உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. நான் திரையை விட்டு இறங்கி வெகுகாலம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்தவர்களோடு செத்த நேரம் பேசிவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். வந்தேன்.

சென்னையில் பெரிய அரங்குகளில் அமைச்சர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். பேசப் பேச மைக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் எதையும் இன்று சொல்லப் போவதில்லை. இந்தத் தொழிலில் நான் வாய் பிளந்து பார்த்த ஒரே காரியம் ராஜபாளையத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் நடந்தது. அதன் பிறகு எத்தனை அரங்குகளில் உட்கார்ந்தாலும் அந்த அறையின் உயரத்துக்கு எதுவும் வரவில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். ராஜபாளையத்தில் கேபிள் டி.வி. நடத்திக்கொண்டிருந்த ஒருவர் என் சீனியரைப் பார்க்க வந்தார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே சொல்கிறேன். அதற்கு முன் அவர் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். எல்லாக் கட்சிக் கூட்டங்களிலும் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பேச்சுகளையும் கேட்டவர்.

"ஒருத்தன் மட்டும் பேசுனா அது கூட்டம் சார். எதுக்க ஒருத்தன் உக்காந்து பதில் சொல்லணும். அத ஊரு பூராவும் பாக்கணும். நடுவுல உக்கார ஒரு ஆளு வேணும்" என்றார்.

என் சீனியர் என்னைக் காட்டினார். "இத கூட்டிட்டுப் போங்க. ஜட்ஜு பேசும்போதே குறுக்க பேசுது."

அப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். 'சனிக்கிழமை சபை' என்று பெயர் வைத்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ராஜபாளையத்தில் நேரடியாகப் போகும். பேசப் பேசவே வீடியோ கேசட்டில் பதிவாகும். மறுநாள் அந்தக் கேசட்டை யாராவது பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போய் அங்கிருக்கும் கேபிள்காரரிடம் கொடுப்பார்கள். அந்த ஊர் ஞாயிற்றுக்கிழமை பார்க்கும். ஒரு கேமரா, ஒரு மேஜை, நான்கு நாற்காலிகள். பக்கத்தில் பலகைத் தடுப்புக்குப் பின்னால் கண்ட்ரோல் ரூம். டெலிபோனும் அங்கேதான் இருந்தது.

ஆரம்பத்திலேயே ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரு மழைக்காலச் சனிக்கிழமை, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது சோழபுரம் பக்கம் கண்மாய் உடைந்துவிட்டது என்று போன் வந்தது. உடனே அறிவிக்க வேண்டும் என்று நான் துடித்தேன். அண்ணாச்சி விடவில்லை. மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினார். போனவர் திரும்பி வந்து, கண்மாய் உடையவில்லை, நிறைந்து கூடுதல் தண்ணீர் மறுகால் வழியாக வழிந்து போகிறது என்றார். அதை அறிவித்தோம். கீழ்ப்பக்கத்துத் தெருக்காரர்கள் சட்டி பானையோடு மேட்டுக்கு ஓடாமல் வீட்டில் இருந்தார்கள்.

"போன்ல வர்ற செய்திக்கு மூஞ்சி கெடையாது வக்கீலம்மா. மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லுவோம்" என்றார்.

நல்ல விதிதான். ஆனால் முகத்தைப் பார்க்க நேரமே கிடைக்காத ஒரு நாளும் வரும். உங்களுக்குச் சொல்ல வந்தது அந்த நாளைப் பற்றி.

நகராட்சித் தேர்தல் நெருங்கியிருந்தது. தலைவர் பதவிக்குப் பலர் நின்றாலும் ஊர் பேசியது இரண்டு பேரைத்தான். ஒருவர் சீனிவாசன். பருத்தி ஜின்னிங் பாக்டரி வைத்திருந்தவர். நாற்பது வயதுக்காரர், சட்டை கசங்காமல் வருவார், யோசித்துத்தான் பேசுவார். இன்னொருவர் சண்முகத்தாய். நூல் மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்தில் பெயர் எடுத்தவர். அவர் மில் வாசலில் பேசினால் மைக் தேவைப்படாது என்று அண்ணாச்சியே சொல்வார். சீனிவாசனின் பாக்டரியில் வேலை நிறுத்தம் நடந்தபோது முன்னால் நின்று நடத்தியவரும் அவர்தான். அந்த வழக்கு எங்கள் கோர்ட்டில் இருந்தது. வராந்தாவில் எதிரெதிரே வந்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன்.

சபையிலும் அப்படித்தான். கேமராவுக்கு முன்னால் ஒருவரையொருவர் கிழிப்பார்கள். நிகழ்ச்சி முடிந்தால் ஒரு வார்த்தை கிடையாது. ஒருவர் படி இறங்கி முடிக்கும்வரை மற்றவர் மேலேயே நிற்பார். உள்ளுக்குள் நட்பு, வெளியே நாடகம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அவர்களுக்குள் இருந்தது நிஜமான பகை.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது நாற்காலியில் காதர் பாய் இருந்தார். பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்தவர், வியாபாரிகள் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். எந்தக் கட்சியிலும் இல்லாதவர். இரண்டு பேரும் ரொம்பச் சூடானால் காதர் பாய் ஒரு வார்த்தை சொல்லுவார், ஊர் சிரிக்கும்.

பேச்சு குடிதண்ணீரைப் பற்றி. பாதி போயிருக்கும். கண்ட்ரோல் ரூமில் போன் அடித்தது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வெளியே வந்து, கேமராவுக்குப் பின்னால் நின்று, விளம்பரத்துக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் அப்படி நடுவில் வந்து நின்றதே கிடையாது. "சிறிய இடைவேளை" என்று சொல்லி எழுந்தேன். ஜவுளிக்கடை விளம்பரக் கேசட் ஓட ஆரம்பித்தது.

தடுப்புக்குப் பின்னால் அண்ணாச்சி என் காதருகே குனிந்தார்.

"சம்முகத்தாய் மகன வெட்டிட்டாங்கங்கான். சீனிவாசன் ஆளுகதான் செஞ்சாங்களாம். பையன் ஆஸ்பத்திரியில கெடக்கானாம். மில் வாசல்ல கூட்டம் கூடிருச்சாம், பாக்டரிய எரிக்கணும்னு பேசுதானுகளாம்."

"யாரு போன் பண்ணுனது?"

"பேரு சொல்லாம வச்சுட்டான். ஆஸ்பத்திரிக்கு அடிச்சுப் பாத்தேன். லைன் கெடைக்கல."

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். சைக்கிள் கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் டி.வி. முன்னால் எப்போதும் நிற்கிற கூட்டம் நின்றது. ஆனால் யாரும் டீ குடிக்கவில்லை. இரண்டு பேர் எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருக்கோடியில் ஒரு கடையின் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. உங்கள் காதில் இப்போது ஒரு கருவி இருக்கிறது, தயாரிப்பாளர் அதில் 'பிரேக் போங்க, பிரேக் போங்க' என்று கத்துவார். போகலாம். ஆனால் ஊர் கொதித்து நிற்கும்போது நீங்கள் பேசாமல் இருந்தால், ஊர் அதையும் ஒரு செய்தியாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஜவுளிக்கடை விளம்பரம் இன்னும் செத்த நேரம் கூடுதலாக ஓடினால், வதந்தி உண்மை என்று ராஜபாளையம் முடிவு கட்டிவிடும். நிகழ்ச்சியை நிறுத்தினாலும் அதுதான். ஒன்றும் தெரியாதது போலக் குடிதண்ணீரைப் பேசப் போனால், ஒரு தாயை ஏமாற்றி உட்கார வைத்திருக்கிறோம் என்று ஆகும்.

"முதல்ல அந்தக்காகிட்டச் சொல்லணும் அண்ணாச்சி. ஊருக்குத் தெரிஞ்சு தாய்க்குத் தெரியாம இருக்கக் கூடாது" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

சண்முகத்தாயை மாடிப்படி வளைவுக்கு அழைத்துப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏட்டி, மறைக்காமச் சொல்லு."

கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டபடி சொன்னேன். பேர் சொல்லாதவன் போன் செய்தான் என்பதையும், ஆஸ்பத்திரிக்கு லைன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"உசுரோட இருக்கானா?"

"தெரியலக்கா."

"யாருன்னு?"

"சீனிவாசன் ஆளுகன்னு சொல்லுதாங்க. அதுவும் உறுதியாத் தெரியாது."

ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருந்தது. அவர் அப்படியே படியிறங்கி ஓடியிருந்தால் உலகத்தில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் இறங்கவில்லை. கண்ணை மூடினார், திறந்தார்.

"மில் வாசல்ல நிக்கிறவியளுக்கு டி.வி. தெரியுமா?"

"மில்லுக்கு எதுக்க டீக்கடையில இருக்குக்கா."

"அப்ப நான் பேசிட்டுப் போறேன்." இரண்டு படி ஏறியவர் நின்று திரும்பினார். அடுத்து அவர் சொன்னதுதான் இத்தனை வருஷமாக என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

"அவருகிட்டயும் இப்பவே சொல்லிரு. கேமரா முன்னால வச்சுத் தெரிஞ்சா மூஞ்சி மாறும். மூஞ்சி மாறுனா இவருதான் செஞ்சாருன்னு ஊரு நெனச்சுப்போடும்."

மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒரு தாய், அந்த நிமிஷத்தில் எதிரியின் முகத்தைப் பற்றி யோசிக்கிறார். அது இரக்கம் அல்ல. அந்த ஊர் எப்படிப் பார்க்கும், எதைக் கண்டு எப்படி எழும்பும் என்று அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்து வைத்திருப்பது ஒரு விஷயம். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வருவது வேறு விஷயம்.

சீனிவாசனிடம் சொன்னோம். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். "எங்க ஆளுக யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க அக்கா" என்றார். அவர் வாயில் 'அக்கா' வந்ததை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

"அதப் பொறவு பாப்போம். இப்ப உக்காருங்க" என்றார் சண்முகத்தாய்.

விளம்பரம் நின்றது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் ஒரே வாக்கியம்தான் பேசினேன். "ஒரு செய்தி வந்திருக்கிறது, அதைச் சொல்ல உரிமை உள்ளவரே சொல்வார்" என்றேன்.

சண்முகத்தாய் கேமராவைப் பார்த்தார். வழக்கமாக அவர் கேமராவைப் பார்க்க மாட்டார், எதிராளியைத்தான் பார்ப்பார்.

"மில் வாசல்ல நிக்கிற அண்ணந்தம்பிமாரே, அக்கா தங்கச்சிமாரே. நான் சம்முகத்தாய் பேசுதேன். எம் மவன் மாரிச்சாமிக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடக்கான்னு இப்பத்தான் எங்கிட்டச் சொன்னாவ. அவன் இருக்கானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. யாரு அடிச்சான்னும் தெரியாது. பெத்தவ எனக்கே தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?"

அவர் நிறுத்தினார். கேமராவுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

"கையில கல்லு வச்சிருந்தா கீழ போடுங்க. நீங்க எறியிற கல்லு எம் மவன எழுப்பி உக்கார வைக்காது. பாக்டரிய எரிச்சா நாளைக்கு அங்க வேலைக்குப் போறவன் எங்க போவான்? நான் இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறேன். என் கண்ணால பாத்துட்டு, என்னவோ எதுவோ, என் வாயால உங்ககிட்டச் சொல்லுதேன். அதுவரைக்கும் ஒருத்தரும் நின்ன எடத்த விட்டு நகரக் கூடாது."

அவர் எழுந்தபோது சீனிவாசனும் எழுந்தார்.

"அக்கா, என் கார் கீழ நிக்குது. நான் கூட்டிட்டுப் போறேன்."

இதன் அர்த்தம் உங்களுக்குச் சட்டென்று விளங்காது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி மில் வாசல் வழியாகத்தான். கையில் கல்லோடு நிற்கிற கூட்டத்துக்கு நடுவே, தன் கட்சிக்கொடி கட்டிய காரில், தானே வருகிறேன் என்கிறார் அவர். காதர் பாய்க்கு உடனே விளங்கிவிட்டது.

"தம்பி, கொடியக் கழட்டிட்டுப் போங்க" என்றார்.

"கொடி இருக்கட்டும் பாய்," என்றார் சண்முகத்தாய். "யாரு கார்ல நான் வாரேன்னு அவியளுக்குத் தெரியணும்ல?"

இரண்டு பேரும் ஒன்றாகப் படி இறங்கினார்கள். எல்லாம் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது.

கேமராக்காரர் பதறி என் பக்கமாகக் கேமராவைத் திருப்பப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இரண்டு காலி நாற்காலிகளும் திரையில் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த இருவரும் சேர்ந்து எழுந்து போயிருக்கிறார்கள் என்பதை அந்த நாற்காலிகளைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஊருக்கு அந்த நேரத்தில் எது தெரிய வேண்டுமோ அதைக் காட்டுங்கள்.

ஆனால் காட்டிக்கொண்டு எதைப் பேசுவது? நான் காதர் பாயைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேமராவைப் பார்த்தார்.

"நான் இங்க உக்காந்திருக்கேன். அங்க பஜார்ல என் கடை ஷட்டரு பாதி எறங்கியிருக்கும்னு எனக்குத் தெரியும். ஏலே இப்ராகிம்! தூக்குலே மேல! பக்கத்துக் கடைக்காரவியளும் அப்படித்தான். ஷட்டரு எறங்குனா ஊரு பயந்துரும். செருப்பு வாங்க யாராச்சும் வந்தா எடுத்துக் குடு. நான் சபைய முடிச்சுட்டு வாரேன்."

நாங்கள் குடிதண்ணீரைப் பற்றிப் பேசினோம். சத்தியமாகச் சொல்கிறேன், குழாய் பதிப்பதைப் பற்றியும், எந்தத் தெருவில் தண்ணீர் மேலே ஏறுவதில்லை என்பதைப் பற்றியும் நானும் காதர் பாயும் பேசிக்கொண்டிருந்தோம். என் வாய் பேசியது, காது கண்ட்ரோல் ரூம் போனில் இருந்தது. காதர் பாய் தன் தெருக்குழாயைப் பற்றி அவ்வளவு நிதானமாகப் பேசினார். மேலே ஏறாத தண்ணீரைத் தவிர இந்த உலகத்தில் வேறு பிரச்சினையே இல்லை என்று கேட்கிறவர்கள் நம்பியிருப்பார்கள்.

கீழே டீக்கடையில் ஒருவர் டீ கேட்கிற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் மனத்துக்குள் கும்பிட்டேன்.

மில் வாசலில் நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டோம். கார் வந்தபோது கூட்டம் வழியை மறித்து நின்றிருக்கிறது. சண்முகத்தாய் முன் சீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார். கண்ணாடியை இறக்கினாரே தவிர, ஒரு வார்த்தையும் பேசவில்லை. கையால் விலகச் சொல்லிக் காட்டியிருக்கிறார். விலகியிருக்கிறார்கள். சீனிவாசன் வியர்த்துக் கொட்ட, கியர் மாற்ற மறந்து, முதல் கியரிலேயே அந்த வாசலைக் கடந்திருக்கிறார்.

போன் அடித்தது. தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு கேள்வியைக் காதர் பாயிடம் போட்டுவிட்டு எழுந்து போனேன். அண்ணாச்சி ரிசீவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"பையன் உசுரோட இருக்கான்." என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அடிச்சது நெசமாவே சீனிவாசன் கட்சிப் பயலுகதானாம். அதையும் சொல்லணும்ங்காவ அந்தம்மா. லைவ்ல. எனக்கு வேண்டாம்னு தோணுது வக்கீலம்மா. அடங்குன நெருப்ப எதுக்குக் கிளறணும்? உசுரோட இருக்கான்னு மட்டும் சொல்லுவோம்."

அவர் பயந்தது நியாயம்தான். ஊர் இப்போதுதான் டீ கேட்க ஆரம்பித்திருக்கிறது. நான் ஒரு விநாடிதான் யோசித்தேன், அதற்கு மேல் நேரம் இல்லை. அடித்தவன் பெயர் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எப்படியும் வெளியே வரும். பேர் சொல்லாத இன்னொருவன் போன் செய்து சொல்லுவான். அப்போது ஊர் என்ன நினைக்கும்? இவர்களுக்குத் தெரிந்தும் மறைத்தார்கள், அந்தக் காலி நாற்காலிகளும் நடிப்புத்தான் என்று நினைக்கும். சண்முகத்தாய் தன் வாயால் சொல்லுவேன் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். என்னவோ எதுவோ என்றும் சொல்லியிருந்தார். அதில் பாதியை வெட்ட எனக்கும் அண்ணாச்சிக்கும் உரிமை கிடையாது.

"அவங்க சொல்லட்டும் அண்ணாச்சி. முழுசாச் சொல்லட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டெலிபோனை ஒயரோடு இழுத்துக்கொண்டு போய் மேஜை மேல் வைத்தார். ரிசீவரை நான் மைக்கோடு சேர்த்துப் பிடித்தேன்.

கரகரவென்று அந்தக் குரல் வந்தது.

"சம்முகத்தாய் பேசுதேன். எம் மவன் இருக்கான். வெட்டுக் கிட்டு ஒண்ணுமில்ல, கம்பியால அடிச்சிருக்கானுவ. தலையில தையல் போட்டிருக்கு. காதுல ரத்தம் வந்துருக்கு, மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லுதாவ. என்னையத் தெரியுது அவனுக்கு. அம்மான்னு கூப்பிட்டான்."

நான் ரிசீவரை மைக்கோடு இன்னும் நெருக்கிப் பிடித்தேன். எனக்கு அவர் மூச்சு கேட்டது.

"இன்னொண்ணு. அடிச்சது சீனிவாசன் கட்சிப் பயலுவ ரெண்டு பேரு. சுவத்துல எழுதுறதுல தகராறு. எம் மவனே பேரச் சொல்லிட்டான். நான் அத இங்க சொல்ல மாட்டேன், போலீசுல சொல்லியாச்சு. சீனிவாசன் எம் பக்கத்துலதான் நிக்காரு. அந்தப் பயலுவ எங்க இருப்பானுவன்னு இன்ஸ்பெக்டருகிட்ட எடம் சொல்லிக்கிட்டிருக்கிறதும் அவருதான். கேட்டுக்கிட்டியளா? உங்ககிட்ட மறைக்கல. இப்ப எல்லாரும் வீட்டுக்குப் போங்க. நான் மதுரைக்குப் போறேன். யாரும் பின்னால வரவேணாம்."

லைன் நின்றது. காதர் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நன்றி சொல்லி நிகழ்ச்சியை முடிக்க வேண்டும். நன்றி என்ற சொல் எனக்கு வரவில்லை. "வீட்டுக்குப் போகலாம்" என்று மட்டும் சொன்னேன்.

ராஜபாளையம் வீட்டுக்குப் போனது. இன்னொரு ஊர் பாக்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் என் சீனியர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் செய்தார். அங்கே பஸ் ஸ்டாண்டில் பையன் செத்துவிட்டான் என்று பேச்சு, பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்று டிரைவர்கள் நிற்கிறார்கள், இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாகக் கூடுகிறார்கள் என்றார். மறுநாள் வரை கேசட் காத்திருக்க முடியாது. அண்ணாச்சி கேசட்டை உருவி எடுத்தார். நான் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தேன். தலையையும் வாலையும் வெட்டவில்லை, நாங்கள் தண்ணீர்க்குழாய் பேசியதைக்கூட எடுக்கவில்லை. வெட்டப்பட்ட கேசட் எதையோ மறைத்த கேசட்டாகத் தெரியும் என்றார் அண்ணாச்சி. சற்று முன் பாதியை மறைத்துவிடலாம் என்று என்னிடம் வாதாடியவர் அவர்தான். இதையும் கவனியுங்கள். தவறான பக்கம் நின்று வாதாடிவிட்டு, தோற்றதும் மறு நிமிஷமே சரியான பக்கத்துக்கு முழு மனதோடு வருகிறவர்கள் கிடைத்தால், அவர்களை விட்டுவிடாதீர்கள்.

கேபிள்காரர் கேசட்டைப் போட்டதும் நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பால்கோவா கடை ஒன்றில் டி.வி. இருந்தது. கூட்டம் சாலைவரை நின்றது. நான் கூட்டத்தின் பின்னால் நின்று, திரையைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்தேன். 'பெத்தவ எனக்கே தெரியாதது' என்று அந்தக் குரல் வந்தபோது, கோபத்தோடு நின்ற முகங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. காலி நாற்காலிகள் வந்தபோது ஒருவரும் நகரவில்லை. போன் குரல் வந்து 'அம்மான்னு கூப்பிட்டான்' என்றபோது முன்வரிசையில் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

"ஏலே, செத்துட்டாம்னு சொன்னியே!"

கொஞ்ச நேரத்தில் மதுரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. நான் சாலையோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பஸ் புறப்படுவதை அப்படி வாய் பிளந்து பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

தேர்தலில் சீனிவாசன் ஜெயித்தார், சண்முகத்தாய் தோற்றார். மாரிச்சாமி பிழைத்து எழுந்தான், ஆனால் ஒரு காது கேட்கவே இல்லை. அவனை அடித்த இரண்டு பேர் மீது வழக்கு நடந்தது. பெரிய மனது பண்ணி வழக்கை விட்டுவிடுங்கள் என்று பலர் சண்முகத்தாயிடம் வந்தார்கள். நானும் கூட இருந்தபோது ஒருவர் அப்படிக் கேட்டார்.

"ஊர எரிக்காதியன்னுதான் சொன்னேன். கேச விட்டுருதேன்னு சொல்லலியே" என்றார்.

கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார். தண்டனை கிடைத்தது. மறுபடி சபைக்கு வந்தபோது, சேர்மன் ஆகியிருந்த சீனிவாசனைச் சாக்கடை விஷயத்தில் கிழி கிழியென்று கிழித்தார். நிகழ்ச்சி முடிந்து ஒருவர் படி இறங்கும்வரை மற்றவர் மேலேயே நின்றார். எதுவும் மாறவில்லை. அதுதான் எனக்கு அன்றும் இன்றும் பிரமிப்பு. அவர்கள் ஒருவரையொருவர் விரும்பாமலேயே ஓர் ஊரைக் காப்பாற்றினார்கள்.

நான் கோர்ட்டை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கே வருவது என்று முடிவு செய்து, சென்னைக்குக் கிளம்பும் முன் சண்முகத்தாயைப் பார்க்கப் போனேன். மில் விட்டு வந்து அப்போதுதான் முகம் கழுவியிருந்தார். மனத்தில் இருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு அவ்வளவு தெளிவா, கொஞ்சம்கூட நடுங்காம எப்படிக்கா பேசுனீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார், ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"யாரு சொன்னா நடுங்கலைன்னு? ரெண்டு காலும் கெடந்து அடிச்சிக்கிட்டுல்லா கெடந்துச்சு. உங்க கேமரா மேஜைக்குக் கீழ வராதுல்ல தாயி."